பதில் போடாத இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டைப்பிஸ்ட் அக்கா என்று பெயர். டைப்ரைட்டரை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றி மூன்று வருஷம் ஆகிவிட்டது. மேஜையில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த நிர்வாகியே அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இலவசக் கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அவள் பொறுப்பு. பெயர், விலாசம், எந்தக் கண், பதிந்த தேதி. முறை வந்ததும் கடிதம் போடுவாள். அந்தக் காலத்து மென்பொருள் பட்டியலை முழுதாக மெமரியில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். கொள்ளாமல் போனால், மெமரி நிரம்பிவிட்டது என்று திரையின் அடியில் ஒரு வரி காட்டிவிட்டு அடம்பிடிக்கும் மாடு மாதிரி நின்றுவிடும். பட்டியலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தாள். யார் முந்தி, யார் பிந்தி என்று வரிசையே குழம்பியது. கடைசியில் ஆபீஸில் ஒரு வழக்கம் வந்தது. இரண்டு கடிதம் போட்டும் பதில் வராதவர்களின் பெயரை எடுத்துவிடுவது. அக்கறை இல்லாதவனுக்கு இடம் எதற்கு என்றார் நிர்வாகி. அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அரிசியில் கல் பொறுக்குவது போல, மாதா மாதம் மளமளவென்று பொறுக்கித் தள்ளினாள்.

ஒரு வியாழக்கிழமை கொத்தனார் ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பட்டியலில் தேடினாள். இல்லை.

"ரெண்டு லெட்டர் போட்டிருப்போம் ஐயா. நீங்க பதில் போட்டிருக்க மாட்டீங்க. அதான் பேரை எடுத்துட்டோம்."

"லெட்டர் வந்துச்சும்மா. ரெண்டையும் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார் அவர். "அதைப் படிக்கக் கண்ணு இருந்தா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தனியாக இருந்தவர், படித்துச் சொல்ல ஆள் இல்லை. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் இப்போது வந்த இடத்தில் கடிதங்களைப் பார்த்திருக்கிறாள். டாக்டர் சோதித்துவிட்டு, புரை முற்றி உள்ளே நரம்பு கெட்டுவிட்டது, வலது கண் இனித் தேறாது, ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். டைப்பிஸ்ட் அக்காவுக்கு அன்று முழுதும் அதே நினைப்பு. கண் தெரியாதவர்களுக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்ட ஆஸ்பத்திரியை என்னவென்று சொல்வது! அத்தனை பேர் இருந்தும் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை இலவசக் கண் பரிசோதனை முகாமிலிருந்து முந்நூறு புதுப் பெயர்கள் வரவிருந்தன. அதற்கு இடம் பண்ண, பதில் போடாத இருநூற்றுப் பன்னிரண்டு பேரை எடுக்க வேண்டும். அவள் நேரே நிர்வாகியிடம் போனாள்.

"சார், போன மாசம்தான் புது மெமரி அட்டை போட்டோமே. அது ஏன் இன்னும் உதவல?"

"போட்டவன் போட்டாச்சுன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். போன் பண்ணா இன்னிக்கு நாளைக்குங்கிறான். நான் என்னக்கா பண்றது? பழசை எடுத்துத்தானே ஆகணும்?"

"சனிக்கிழமை நான் ஒரு கை பாக்குறேன் சார். அதுவரைக்கும் யாரும் பட்டியலைத் தொட வேணாம்."

சனிக்கிழமை காலை கணவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் தையற்காரர். தையல் மிஷினைக் கழற்றும் ஸ்க்ரூ டிரைவர் அவரிடம்தான் இருந்தது.

"எனக்குப் பொத்தான் தைக்கத் தெரியும். இதுல என்ன தைக்கச் சொல்ற?" என்றார்.

"நீங்க மூடியைக் கழட்டுங்க, போதும்."

அட்டை வந்த பெட்டியில் ஒரு பிளாப்பி டிஸ்க் உறை பிரிக்காமலேயே கிடந்தது. கூடவே ஒரு புத்தகம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். அட்டையைச் செருகினால் மட்டும் போதாதாம். பிளாப்பியில் உள்ள சின்ன நிரலைக் கம்ப்யூட்டர் எழும்போதே அழைக்கும்படி ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அப்போதுதான் அங்கே மெமரி இருப்பதே மென்பொருளுக்குத் தெரியும். யானையை வாங்கிக் கட்டிவிட்டு அங்குசத்தைக் கடையிலேயே விட்டுவந்த கதை.

வரியை எழுதினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். கேட்ட இடத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்ற அர்த்தத்தில் திரை ஏதோ முறையிட்டது. மத்தியானம் வரை புத்தகத்தைப் புரட்டினாள். அட்டை பேசுவதற்கு ஒரு விலாசம் உண்டு. அதை அட்டையிலுள்ள பொடிப்பொடி ஸ்விட்ச்சுகளால் குறிக்க வேண்டும். திரைக்கான அட்டையின் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதே விலாசம் அதற்கும்!

"ஒரே கதவு நம்பர்ல ரெண்டு வீடுங்க" என்றாள். இந்தத் தொல்லை அவளுக்குப் பழக்கம். ஒரே விலாசத்தில் இரண்டு நோயாளி இருந்து கடிதம் கைமாறிப்போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறாள்.

"அப்ப ஒருத்தரைக் காலி பண்ணச் சொல்லு" என்றார் கணவர், மூடியைத் திறந்தபடி.

ஊசி முனையால் இரண்டு ஸ்விட்ச்சை மாற்றினாள். திரும்பவும் போட்டாள். பட்டியல் ஏறியது. காலி இடத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்தவள் நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நாலாயிரம் பேரை ஏற்றினாலும் தாங்கும். அழுகையும் சிரிப்புமாக வந்தது. கணவர் டீ வாங்கப் போனார்.

திங்கட்கிழமை முந்நூறு பேரும் ஏறினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். இனிமேல் கடிதத்தோடு ஆளையும் அனுப்புவது என்று நிர்வாகி உத்தரவு போட்டார்.

"இனிமே யாரையும் அழிக்க வேணாம். சந்தோஷம்தானே அக்கா?"

"இதுவரைக்கும் அழிச்சவங்களை என்ன சார் பண்றது?"

பிளாப்பியில் பழைய பட்டியலின் மேலேயே புதியதை எழுதிவந்திருந்தார்கள். அச்சடித்த பழைய தாள்களோ, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் மருந்துச் சீட்டாக வெட்டப்பட்டு வீடு வீடாகப் போய்விட்டிருந்தன.

மறுநாளிலிருந்து அவள் அரை மணி நேரம் முன்னதாக வந்தாள். நோயாளிகள் வரிசையில் கடைசி ஆள் வரை நடந்து, "இதுக்கு முன்னாடி எப்பவாவது பேர் குடுத்திருக்கீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஆமாம் என்றவர்களைத் தானே கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஓய்வு பெறும் நாள் வரை, பதினோரு வருஷம் கேட்டாள். கிடைத்தவர்கள் பத்தொன்பது பேர். அழித்தது எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது.