சான்றிதழைக் கொடுக்காத சனிக்கிழமை

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் அம்மா அடிப்பாள். தொலைந்த பென்சிலுக்கு ஒன்று, எழுதாத வீட்டுப்பாடத்துக்கு ஒன்று என்று நான் சொன்ன பொய்களுக்கு வாங்கிய அடிகள் கொஞ்சமல்ல. அப்படிப்பட்ட அம்மா, நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், என் கண்ணெதிரே அப்பாவிடம் ஒரு பொய் சொன்னாள். அதுவும் போனில், ஒரு ஜவுளிக்கடையில் சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, குரல் கொஞ்சமும் மாறாமல். இன்றைக்கு அக்கா இருக்கும் நிலைக்கும், அவளுக்குப் பின்னால் நான் வந்து சேர்ந்த இடத்துக்கும் அந்தப் பொய்யை நாங்கள் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறோம்.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். விவசாயம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தூத்துக்குடியில் எங்கள் தெரு உப்பளங்களை ஒட்டியது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. வேப்பங்கன்று வைத்தால் அதுகூட வேண்டாவெறுப்பாகத்தான் வளரும். உடன்குடியில் அம்மா பிறந்த வீட்டிலிருந்து செம்மண்ணைச் சாக்கில் வரவழைத்து, காலி பெயின்ட் வாளிகளில் நிரப்பி, மொட்டைமாடியில் கத்தரியும் மிளகாயும் வளர்த்தாள் அக்கா. குடிதண்ணீர்க் குடத்திலிருந்து செடிகளுக்கு அவள் ஊற்றும்போது அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அக்காவின் ஆசையைப் பற்றி யார் கேட்டாலும், "உப்பு விளையுத ஊர்ல இருந்துக்கிட்டு விவசாயம் படிக்கப் போறேங்கா" என்பார். அவருக்கு அதில் கோபம் கிடையாது, பயம்தான். அவள் விண்ணப்பித்திருந்தது மேற்கே இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு. இருக்கிற கொஞ்ச இடங்களுக்கு மாநிலம் முழுக்க இருந்து பிள்ளைகள் போட்டி போடுவார்கள். முதல் சுற்றுப் பட்டியல் அந்த வாரம் வரும் என்றார்கள். பிறகு அடுத்த வாரம் என்றார்கள். அக்கா சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் போனை வைத்துக்கொண்டு, ஒரு வாய்க்கு ஒரு தடவை திரையைப் பார்ப்பாள். எங்கள் வீட்டில் இன்டர்நெட் இருந்த ஒரே போன் அதுதான்.

இதற்கிடையில் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒரு நல்ல காரியம் செய்தார். தனக்குத் தெரிந்த ஒருவர் மூலம், ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியில் அக்காவுக்கு இன்ஜினியரிங் சீட்டுக்குச் சொல்லிவைத்தார். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அசல் சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். ஆனால் கொடுத்துவிட்டால் நான்கு வருஷத்துக்குச் சான்றிதழ்கள் அங்கேதான் இருக்கும். பிறகு பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர் வந்தாலும் போய்ச் சேர முடியாது.

"நான் காத்திருக்கேம்ப்பா" என்றாள் அக்கா.

"வரலைன்னா?" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை அப்பா முடிவைச் சொன்னார். சனிக்கிழமை அவருக்குப் பகல் ஷிப்ட், கப்பல் வந்து நிற்கிறது, விடுப்புக் கிடைக்காது. அதனால் அம்மா போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். அக்கா பிறகு போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். அம்மா "சரி" என்றாள். அப்பா சொன்னதற்கு அம்மா "சரி" தவிர வேறு ஏதும் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலையில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். சான்றிதழ்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில், உறை ஒரு மஞ்சள் பையில், பை அவள் இடுப்போடு. டவுன் பஸ்ஸில் வந்து பழைய பஸ் நிலையத்தில் இறங்கினோம். கல்லூரிப் பக்கம் போகும் பஸ் வந்தது. அம்மா ஏறவில்லை. கூட்டமாக இருக்கிறது போலும் என்று நினைத்தேன். அடுத்த பஸ் காலியாகவே வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்து ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ் போய்விட்டது.

"அம்மா, நாம போகலையா?"

"வெயிலா இருக்கு. வா" என்று எதிர்ப்பக்கம் நடந்தாள்.

நாங்கள் போனது ஏசி போட்ட ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு. தீபாவளிக்கு மட்டும் நாங்கள் நுழையும் கடை அது. அம்மா மாடியில் போய் உட்கார்ந்து சேலை காட்டச் சொன்னாள். விற்பனைப் பெண் ஒவ்வொன்றாக விரித்தாள். அம்மா கரையைத் தடவிப் பார்ப்பாள், முந்தானையைக் காட்டச் சொல்வாள், பிறகு "வேற காட்டுங்க" என்பாள். எங்களைச் சுற்றிச் சேலைகள் குவிந்தன. ஒரு சேலையைக்கூட அம்மா பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கே தெரிந்தது. விற்பனைப் பெண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மத்தியானம் அம்மாவின் பட்டன் போன் அடித்தது. ஒலியைக் குறைக்க முடியாத போன் அது. அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது.

"கொடுத்தாச்சா?"

"ஆச்சு" என்றாள் அம்மா.

"ரசீது?"

"கம்ப்யூட்டர் வேலை செய்யலையாம். பெறவு தாறோம்னாவ."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கவுன்டரில் ஒருவர், பட்டுச்சேலை எல்லாம் இந்தப் பக்கம், வாங்க என்று சத்தமாக யாரையோ அழைக்க ஆரம்பித்தார். எங்கள் விற்பனைப் பெண் அவரை நோக்கிக் கையைக் காட்டி வாயை மூடச் சொன்னாள். அம்மா போனை வைத்ததும் அவள் சிரிக்கவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. "தண்ணி குடிக்கியளாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வெளியே வந்து எனக்கு எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள் அம்மா. "அப்பா கேட்டா 'ஆமா'ன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"அக்காட்ட?"

"அவகிட்டயும் சொல்லக்கூடாது. அவ மூஞ்சிய வச்சே அப்பா கண்டுபிடிச்சிருவாவ."

மஞ்சள் பை அரிசி டிரம்முக்குள் போனது. நான் பயத்தில் இரண்டு நாள் யாரிடமும் பேசவேயில்லை. அப்பா என்னைக் கேட்கவுமில்லை. ஆனால் அக்கா அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவாள். திங்கட்கிழமை மாடிப்படியில் நின்று, "நீயாவது எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்லா" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு அழுதாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அரிசி டிரம்மைத் திறந்து காட்டினால் அந்த அழுகை அப்போதே நின்றிருக்கும். அம்மா துணியைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார்.

"என்ன தம்பி, காலேஜுல கேட்டேன். உங்க பிள்ளை சர்டிபிகேட்டு இன்னும் வரலைங்காவ. நேத்தே வேற ஆளுக்குக் குடுத்துட்டாவளாம்."

அப்பா அடுக்களை வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலை குனியவில்லை. இன்றைக்கு அம்மா அடி வாங்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அப்பா அடிக்கிறவர் இல்லை என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

அப்பா அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "ஆமா அண்ணாச்சி. நான்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்லாம விட்டது தப்புதான்."

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். அம்மா அரிசி டிரம்மிலிருந்து பையை எடுத்து வந்து அப்பா முன்னால் வைத்தாள். உறையின் மேல் அரிசி மணிகள் ஒட்டியிருந்தன.

"சீட்டு போச்சு. தெரியும்லா?" என்றார் அப்பா.

"தெரியும்."

"லிஸ்ட்ல இவ பேரு வரலைன்னா என்னளா செய்வ?"

"வரலைன்னா அவளுக்கு வராமப் போனதா இருக்கட்டும். நாம பறிச்சதா இருக்க வேண்டாம்."

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பா ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, பையைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது தன் போனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். "அக்காகிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பட்டியல் அன்றைக்கும் வரவில்லை. அதற்கு மறுநாள், அப்பா ஷிப்டில் இருக்கும்போது வந்தது. பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல அவள் விண்ணப்ப எண்ணை நான் அடித்தேன். பெயர் இருந்தது. முதல் சுற்றிலேயே, அவள் கேட்ட படிப்பிலேயே இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

அப்பாவுக்குச் சொல்ல வழியில்லை, போன் எங்களிடம் இருந்தது. மூன்று பேரும் ஆட்டோ பிடித்துத் துறைமுக வாசலுக்குப் போனோம். காவலாளி உள்ளே சொல்லி அனுப்பினார். லாரிகளுக்கு நடுவே ஹெல்மெட்டோடு அப்பா அரை ஓட்டமாக வந்தார். யாரும் வாயைத் திறக்கும் முன்பே அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "சாப்ட்டியளா?" என்றார்.

காவலாளி என்ன விஷயம் என்று கேட்டதும் அப்பாவுக்கு வாய் திறந்துகொண்டது. "எம் மவளுக்குக் கவர்மென்ட் சீட்டு. எல்லாரும் பிரைவேட்ல சேருங்கன்னாவ. நான்தான் பொறுங்க, வரும்னேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். இது அநியாயம் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, அவுகதான் சொன்னாவ" என்றாள் காவலாளியிடம்.

அக்கா இப்போது வேளாண்மைத் துறையில் அலுவலர். எட்டு வருஷம் கழித்து நான் பின்னால் சேர்ந்த படிப்பின் பட்டியலுக்காகக் காத்திருந்தபோது, எங்கள் வீட்டில் யாரும் எந்தக் கல்லூரிக்கும் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. "வரட்டும், பொறு" என்றார் அப்பா. அவர் அதற்குள் பொறுக்கச் சொல்வதில் பழகிவிட்டிருந்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். "அக்கா பேரு கண்டிப்பா வரும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? கொஞ்சம்கூடப் பயப்படலியே நீ."

"எனக்கு என்னத்தத் தெரியும்" என்றாள். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். "அந்த பஸ் ஸ்டாண்டுல எனக்கு அவ்வளவு பயம். ரெண்டாவது பஸ்சுல ஏறிரலாம்னுதான் இருந்தேன்."

"பின்னே ஏன் ஏறலை?"

"நீ என் கையப் பிடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தியே, அதான் தைரியம். தனியாப் போயிருந்தா கொடுத்துட்டு வந்திருப்பேன். அதுக்குத்தான உன்னியக் கூட்டிட்டுப் போனேன்."

அக்கா இருந்த நிலையில் அவளிடம் விட்டுவிட்டுப் போக முடியாமல்தான் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள் என்று நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.