சுஹைரா பார்த்த முற்றம்

கிண்ணியாவில் லாபிர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எட்டு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. அதில் ஒரு ரயில் முற்றம் வளர்ந்துகொண்டிருந்தது.

கப்பலில் வரும் கோதுமையைச் சரக்கு ரயிலில் ஏற்றும் துறைமுக முற்றத்தில், பெட்டிகளை ஒன்றோடொன்று கொளுவுவதுதான் லாபிரின் வேலை. பத்தொன்பது வருடம். வேலையாட்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

"அப்படி என்னதான் இருக்கு அங்க?" என்று மனைவி சுஹைரா ஒருநாள் கேட்டாள். வாயால் சொல்லிப் பார்த்தார், சரிவரவில்லை. கொழும்புக்குப் போய்ப் பழைய விளையாட்டு ரயில் ஒன்றை வாங்கிவந்து, மேசையில் தண்டவாளம் பூட்டத் தொடங்கிவிட்டார்.

பால்மா டின்களை வெட்டிப் பதினொரு பெட்டி செய்தார். தண்ணீர்க்குழாய்த் துண்டுகள் கோதுமைக் களஞ்சியங்களாயின. பெட்டிகளுக்குள் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு போட்டார். பாரமில்லாத பெட்டி ஒழுங்காக முட்டாதாம். பாயில் சோறு பரிமாறியபடி சுஹைரா சிரிப்பாள்.

மேசை வேலை முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்தவர், ரயிலை ஓட்டும் குமிழை அவளிடம் கொடுத்தார். அவள் கை அவருடையதைவிடப் பதமாக இருந்தது. என்ஜினை மெல்லப் பின்னுக்கு எடுத்து, முதல் பெட்டியில் டொக்கென்று முட்டவைத்தாள்.

"நீங்க எங்க நிற்பீங்க?"

கோதுமை மாவில் உருட்டிய சின்ன மனிதனை லாபிர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் வைத்தார். "இதுக்குள்ள."

அவள் முகம் மாறியது. கொடி காட்டுகிற வேலை என்றுதான் இத்தனை வருடமும் அவளிடம் சொல்லியிருந்தார்.

"பெட்டி நிண்ட பிறகுதானே போவீங்க?"

"ஓம்... அவசரமெண்டா, சில நேரம் நிக்கிறதுக்கு முன்னமே..."

அவளை அறியாமலே கை குமிழைத் திருப்பிவிட்டது; பெட்டிகள் முட்டின. மா மனிதன் தகடாகிப்போனான்.

"வேலைய விடச் சொல்ல மாட்டன்," என்றாள் சுஹைரா. "ஆனா பெட்டி நிண்ட பிறகுதான் உள்ளுக்குப் போகோணும்."

லாபிர் தலையாட்டினார். கொடி காட்டுகிற கதைக்கு மன்னிப்பும் கேட்டார்.

திங்கட்கிழமை துறைமுகத்தில், கடைசிச் சக்கரமும் நிற்கும்வரை கையை உயர்த்தியபடி வெளியிலேயே நின்றார். அண்ணன் முறையில் அவரை 'நானா' என்று அழைக்கும் என்ஜின் சாரதி தனுசன் தலையை நீட்டினான்.

"என்ன லாபிர் நானா, இண்டைக்கு அவசரமில்லாம இவ்வளவு ஆறுதல்?"

"எங்கட வீட்டு மனிசி இந்த முற்றத்தைப் பாத்திட்டாள் தம்பி," என்றுவிட்டு, சாவகாசமாகக் குனிந்து உள்ளே போனார்.