மகன் பெயரில் வந்த மெயில்

சிலாபத்தில் நான் கணினி திருத்தும் கடை வைத்திருந்தபோது, உடப்பிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். நெடிய, மெலிந்த மனிதர். துவாயில் சுற்றிக் கொண்டுவந்த மடிகணினியைக் கதிரையில் அமர்ந்த பிறகும் கீழே வைக்கவில்லை. அதன் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கேட்டு வாங்கித் திறந்து பார்த்தேன். யாரோ எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டிருந்தார்கள். இறந்துபோன மனைவியின் படங்கள் முழுவதும் அதற்குள்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை.

"தெரியாத மெயில் ஏதும் திறந்தீங்களா, சேர்?"

"மகன்ட பேரில வந்தது, தம்பி. இத்தாலியில இருக்கிறான். அவன் எழுதிக் கனகாலம். கண்டவுடன அதில இருந்த ஃபைலைத் திறந்திட்டன்."

என்னால் படங்களை மீட்க முடியவில்லை. என்றாவது திறக்க வழி வரலாம் என்று, பூட்டியபடியே ஒரு டிஸ்கில் போட்டுக் கொடுத்தேன். இனி எதையும் தனி டிஸ்கில் பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைக்கச் சொன்னேன்.

"இனி மகன்ட பேரில மெயில் வந்தா, திறக்க முதல் அவருக்குக் கோல் எடுத்துக் கேளுங்க, சேர்."

"கோல் எடுத்தா அவன் ஆன்சர் பண்றதில்லையே, தம்பி" என்றார்.

மறுபடி அப்படியொரு மெயில் வந்திருந்தால் அவர் திறக்காமல் இருந்திருப்பாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.