பாப்பாத்தி பாடி விரட்டிய முயல்கள்

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பாப்பாத்தியை மிஞ்சிய வாயாடி கிடையாது. மேஸ்திரி அரியமுத்து ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். அப்பேர்ப்பட்டவளைப் பாட வைத்தது ஒரு காட்டுப்பூனை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். அவள் கல்யாணமாகி வந்த முதல் பருவம், வயிற்றில் ஐந்து மாதம். காய்ந்த கரும்புச் சோகை மூடிக் கிடந்த ஒரு தூரை வெட்டினாள். கத்தியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அடியில் பூனை குட்டி போட்டிருந்தது தெரிந்தது. இரண்டு குட்டிகள் போயின. “லாரி நிக்கிது, பூனைக்கு ஒப்பாரி வச்சிக்கிட்டு இருக்கியா?” என்று அரியமுத்து கத்தினார். வழக்கமாகப் பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொள்வார். அன்று அவள் குனிந்து அடுத்த தூரை வெட்டப் போனாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வேறொரு வயல். முதல் கரும்பில் கை வைக்கும் முன் வரப்போடு நடந்து, கத்தியின் முதுகால் கரும்பைத் தட்டித் தட்டிப் பாடினாள். யாரும் சொல்லிக் கொடுத்த பாட்டல்ல. அவளே கட்டியது.

கீரியே முயலே கேட்டுக்க – எங்க
கத்தி வருது முழிச்சுக்க
குட்டி இருந்தாக் கவ்விக்க – அந்த
ஓடைக்கரையா ஒதுங்கிக்க
கூலிக்கு வந்த கைதான் தாயி – எங்கள
குத்தம் சொல்லாமப் போயிரு நீயி

அதிலிருந்து ஒவ்வொரு வயலிலும் அவள் பாடி முடித்ததும் கூட வந்த பெண்கள் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். ரோட்டுப் பக்கமிருந்து வெட்டி, ஓடைப் பக்கத்தைக் கடைசிவரை விட்டுவைப்பார்கள். ஒரு தடவை பூனை ஒன்று குட்டியைக் கவ்விக்கொண்டு வரப்பைத் தாண்டியதைப் பத்துப் பெண்களும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பிறகு மற்றவர்களும் கூடவே பாடினார்கள். முணுமுணுத்துக்கொண்டிருந்த அரியமுத்தே, “பாப்பாத்தி, பாடிடு, வேலைய ஆரம்பிக்கலாம்” என்று சொல்லும்படி ஆயிற்று. இப்படியே பத்து வருஷம் ஓடியது.

கடைசி இரண்டு பருவங்களில், வெட்டு நடக்கும் நாட்களில் அவள் புருஷன் ராசாங்கம் முயல்கறி கொண்டுவருவான். கூட்டாளி கொடுத்தான் என்பான். பாப்பாத்தி மிளகு தூக்கலாகப் போட்டு வறுப்பாள். பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுத் தானும் ருசித்துத்தான் சாப்பிட்டாள்.

ஒருநாள் வெட்டவேண்டியது சின்ன வயல். பாடிக்கொண்டே நடந்தவள் பாட்டு முடிவதற்குள் ஓடைப் பக்கமே வந்துவிட்டாள். அங்கே நீளத்துக்கு வலை கட்டியிருந்தது. வலையில் இரண்டு முயல் மாட்டிக் குழந்தை போலக் கத்தின. வலைக்குப் பின்னால் ஐந்து பேர். ஒருவன் ராசாங்கம்.

“ஏய்யா, நான் எதுக்குப் பாடுறேன்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன. நீ பாடுனா அதுவா இந்தப் பக்கம் வந்துடுது. உள்ள பூந்து நாங்க வெரட்டவே வேணாம்” என்றான். அவன் குரலில் சூதில்லை. பெண்டாட்டியைப் பாராட்டுவதாகவே நினைத்தான்.

அவள் ஓடைத் தண்ணீரில் வாந்தி எடுத்தாள். தின்ற முயல் அத்தனையையும் தானே ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். அந்த நினைப்பு அவளை அறுத்தது. ராசாங்கம் அவளுக்குப் பயந்து வலை கட்டுவதை விட்டான். மற்ற நால்வர் விடவில்லை. முயல்கள் வலைப் பக்கம் போகாமலிருக்க, ஓடைப் பக்கமிருந்து வெட்டலாமா என்று கேட்டுப் பார்த்தாள். லாரி ரோட்டில்தானே நிற்கும் என்று அரியமுத்து மறுத்துவிட்டார்.

பாப்பாத்தி பாட்டை நிறுத்தினாள். அவள் பாடாததால் மற்றவர்களும் பாடவில்லை. இரண்டு வயல் ஒன்றும் ஆகாமல் முடிந்தது. மூன்றாவது வயலில் கொளஞ்சி என்ற இளம்பெண் வீலென்று அலறினாள். கண் திறக்காத நாலு பூனைக்குட்டிகள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

“அக்கா, ஒரு வாட்டி பாடியிருந்தா கவ்விக்கிட்டுப் போயிருக்கும்ல” என்று கொளஞ்சி அழுதாள். குற்றம் சாட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. தாய்ப்பூனை சாயங்காலம் வரை வரப்பில் கத்திக்கொண்டு திரிந்தது. பாப்பாத்தி அத்தோடு கரும்புக்குப் போவதை விட்டுவிட்டுக் குரும்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கப் போனாள்.

இரண்டாயிரத்து ஏழு மாசியில் பஸ்ஸில் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கரும்பு லாரி ஒன்று வழியை அடைத்து நின்றதால் பஸ்ஸும் நின்றது. வயலிலிருந்து கொளஞ்சியின் குரல் வந்தது. அதே பாட்டு, ஒரு சொல் மாறவில்லை. ஜன்னலோரம் இருந்தவளுக்கு ஓடைப் பக்கம் குந்தியிருந்த ஆட்களின் தலையும் தெரிந்தது.

“பாடாதடி” என்று கத்த வாயைத் திறந்தாள். அந்த நாலு குட்டிகள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டாள். பாட்டு ஓடையை நோக்கி நகர்ந்தது.

“நல்லாப் பாடுதுல்ல அந்தப் பொண்ணு” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

பாப்பாத்தி ஆமாம் என்று தலையாட்டினாள்.