அண்ணனுக்கு அலர்ஜி, எனக்குப் படை

எங்கள் வீட்டு வழக்கப்படி, பிறந்த பிள்ளைக்கு முதல் அரைஞாண் கயிற்றை அத்தைதான் கட்ட வேண்டும். என் அண்ணனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பெண் பிறந்தபோது, தென்காசிக் கடைத்தெரு முழுக்க அலைந்து கயிறு வாங்கி வைத்திருந்தேன். கட்ட விடவில்லை. பிள்ளையைத் தொடக்கூட விடவில்லை. காரணம், என் கை.

நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். எந்நேரமும் ஈரத்தில் கிடக்கும் கை. விரலிடுக்கில் தோல் உரியும், வெடிக்கும், அரிக்கத் தொடங்கினால் உயிர் போகும். தோல் டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், இது எக்ஸிமா, கரப்பான் என்பார்களே அதுதான், யாருக்கும் ஒட்டாது என்று. களிம்பும் கொடுத்தார். இதை நான் சொல்லாத ஆள் இல்லை. யார் கேட்டார்கள்? எங்கள் ஊரில் ஆளாளுக்கு வைத்தியம் தெரியும். டாக்டருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

"இது படர்தாமரை. பாத்தாலே தெரியுதே" என்றாள் மதினியின் அம்மா. பேறுகாலம் பார்க்க வந்து, குத்துக்கல்வலசையில் அண்ணன் கட்டிய புதுவீட்டில் அதிகாரமாக உட்கார்ந்திருந்தாள். "பூண்டை அரைச்சுக் கையில கட்டு. போனப்பொறவு வந்து பிள்ளையத் தூக்கு. பச்சப்பிள்ள இருக்க வீடு பாத்துக்கோ."

பிள்ளையைத் தூக்க வேண்டும் என்ற ஆசையில் கட்டித் தொலைத்தேன். காலையில் அவிழ்த்துப் பார்த்தால் கை கொப்பளித்துக் கிடந்தது. "கெட்டது வெளிய வருது" என்றாள் அந்தப் புண்ணியவதி. அவள் கையில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்தது அண்ணனின் யோசனை. "ஏட்டி, சாரல் ஆரம்பிச்சாச்சு. குத்தாலத்துல போயிக் குளி. அம்புட்டும் மூலிகைத் தண்ணி. பட்டுன்னு போயிரும்." அவனே கூட்டிக்கொண்டும் போனான். மூலிகைத் தண்ணீராம்! எனக்கு முன்னால் நின்றவள் தலையில் தேய்த்த ஷாம்பு நுரைதான் என் மேல் வழிந்தது. கொப்பளம் வெடித்த கையில் அருவி விழுந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு, "ஐயே, இந்தப் பொம்பளைக்குப் படை இருக்கு, தள்ளி நில்லுங்க" என்று கத்தினாள். அத்தனை நெரிசலிலும் என்னைச் சுற்றி இடம் விழுந்தது. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை, அருவி என்பதால்.

வெளியே வந்தால், அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டு நின்றான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு அங்கே அரிப்பு உண்டு. எங்கள் அப்பாவுக்கும் அதே இடத்தில், கறுத்துத் தடித்து, சாகும்வரை இருந்தது. ஆனால் அண்ணனுடையதை யாரும் படை என்று சொல்ல மாட்டார்கள். "அவுகளுக்குத் தூசி அலர்ஜி" என்பாள் மதினி. அந்தக் கையை வைத்துத்தான் அவன் பிள்ளையைக் கொஞ்சுவான், தோளில் போட்டு உலாத்துவான். எனக்கு மட்டும் வாசலோடு சரி.

பேர் வைத்த அன்று நான் வாங்கிய கயிற்றை மதினியின் தங்கை கட்டினாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை.

கொஞ்ச நாளில் மதினி போன் செய்தாள். பிள்ளையின் கன்னமெல்லாம் சிவந்து பொரிந்திருக்கிறதாம். "நீ வாங்கிட்டு வந்த கயித்துல இருந்துதான் ஒட்டியிருக்கு" என்றாள். கயிறு கிடப்பது இடுப்பில், பொரிந்திருப்பது கன்னத்தில். கயிறு நடந்தா போயிற்று? கேட்பதற்குள் பின்னால் பிள்ளை வீறிடும் சத்தம் கேட்டது. பசி அழுகை இல்லை அது. அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

போய்ப் பார்த்தால், பிள்ளையை மடியில் கிடத்தி, குப்பைமேனி இலையைக் கல்லுப்போடு அரைத்துக் கன்னத்தில் அப்பிக்கொண்டிருக்கிறாள் மதினியின் அம்மா. பிள்ளை கத்திக் கத்தி நீலம் பாய்ந்து கிடக்கிறது. என் கையில் பூண்டு எரிந்த எரிச்சல் எனக்கு ஞாபகம் வந்தது. யாரிடமும் கேட்கவில்லை. பிடுங்கினேன். குழாயடிக்குத் தூக்கிப் போய்க் கன்னத்தைக் கழுவிவிட்டேன்.

"ஏ பாவி, அந்தக் கையால பிள்ளையத் தொட்டுட்டாளே!" என்று கத்தினாள் கிழவி.

"இன்னைக்குத்தான் முதல்ல தொடுதேன். இது எப்படி வந்துச்சுன்னு டாக்டர்கிட்ட வந்து கேளுங்க" என்றேன். நான் பிள்ளையைக் கீழே விடாததால் அண்ணனும் மதினியும் வேறு வழியின்றி ஆட்டோவில் ஏறினார்கள்.

டாக்டர் கன்னத்தைப் பார்த்தார், என் கையையும் பார்த்தார். "பிள்ளைக்கும் கரப்பான்தான். ஒட்டுறது இல்ல, பரம்பரையா வர்றது. அப்பா அம்மா யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். மதினி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"சட்டைக் கையைச் சுருட்டுலே" என்றேன். பிறந்ததிலிருந்து நான் அவனை லே போட்டது கிடையாது.

சுருட்டினான். டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். "இதேதான்" என்றார். அலர்ஜி என்ற வார்த்தை அன்றைக்கு மதினி வாயில் வரவில்லை.

திரும்பும்போது பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. குத்துக்கல்வலசை திரும்பும் இடத்தில் மதினி இரண்டு கையையும் நீட்டி, "குடு, நான் வச்சிக்கிடுதேன்" என்றாள், என்றைக்கும் இல்லாத மெல்லிய குரலில். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை மூத்திரம் பெய்தது. அது என் விரல் வெடிப்பில் இறங்கித் தீயாக எரிந்தது.

"வீடு வரட்டும்" என்றேன். கையை எடுக்கவில்லை.