முகம் மூடியிருந்த பெண்

அருப்புக்கோட்டையில் மதுரை பஸ் ஏறியபோது என் பக்கத்து இருக்கையில் அந்தப் பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கண்களை மட்டும் விட்டு முகத்தை ஷாலால் சுற்றியிருந்தாள். அடிக்கடி செல்போன் கேமராவைத் திறந்து, ஷாலை லேசாக விலக்கித் தன்னைப் பார்த்துவிட்டு அணைத்தாள்.

“ஆஸ்பத்திரிக்காம்மா?” என்றேன்.

“ஆமாக்கா” என்றாள். “ரீல்ஸ்ல ஒரு அக்கா சொன்ன கிரீமப் போட்டேன்க்கா. மொதல்ல நல்லா வெளுத்துச்சு. நிப்பாட்டுனதும் மூஞ்சி பூராம் செவந்து எரியுது.”

“அவுககிட்டக் கேட்டியா?”

“கமெண்ட்டுல கேட்டேன். என்னைய பிளாக் பண்ணிட்டாக. தெனமும் அவுக வீடியோவத்தான் பாப்பேன். வேற யார்ட்டயும் அவ்வளவா பேசுறதில்லக்கா.”

ஷாலை இறக்கினாள். கன்னமெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் பார்வையை விலக்கவில்லை.

“அசிங்கமா இருக்கா?”

“இல்லம்மா, புண்ணாத்தான் இருக்கு. வைத்தியம் பாத்தா ஆறிரும்.”

காரியாபட்டியில் கூட்டம் ஏறியதும் மறுபடி மூடிக்கொண்டாள்.

மதுரையில் இறங்கியபின், “நீங்க எந்தப் பக்கம் போறீகக்கா?” என்று கேட்டாள். கல்யாண வீட்டுக்கு என்றேன். “சரிக்கா, வாரேன்” என்று தனியாக நடந்து போனாள்.

அவள் என்னைத் துணைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்பது பந்தியில் உட்கார்ந்த பிறகே எனக்கு உறைத்தது.