இராசநாயகத்தாரின் கப்பல் அறை

இராசநாயகத்தாரிடம் ஒரு பொருளை வாங்குவது லேசான காரியமில்லை. காசு இருந்தால் மட்டும் போதாது, காரணமும் வேண்டும். துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்திரண்டு வருடம் பொறுப்பாக இருந்தவர். அங்கே ஒரு முழக் கயிறு என்றாலும் சரி, ஒற்றை மரையாணி என்றாலும் சரி, கேட்டு வருகிறவர் "என்ன தேவைக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் பிடிக்காவிட்டால் சாமான் வெளியே வராது. பெரிய எஞ்சினியரே வந்து நின்றாலும் அதே கேள்விதான், அதே முகம்தான். அவர் இளைப்பாறி ஐந்து வருடமாகியும் அந்தக் கேள்வி மட்டும் இளைப்பாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தேங்காய்த் திருவலையை இரவல் கேட்டு வந்தால்கூடக் கேட்பார். தேங்காய் திருவத்தான் என்று மனிசனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவர் வீட்டிலே ஓர் அறை நிறையத் தேவையில்லாத சாமான் கிடந்தது என்றால் நம்புவீர்களா? கிடந்தது. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது ஊருக்குள் இறங்கிய பொருட்கள் வீடு வீடாகக் கைமாறித் திரிந்து, கடைசியில் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறப்போகும் நேரத்தில், இராசநாயகத்தார் ஓடிப்போய் மறித்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பித்தளைச் சட்டம் போட்ட வட்டக் கப்பல் யன்னல்கள், திசைகாட்டி, கப்பல் மணி, சிவப்பும் பச்சையுமாகச் சோடி விளக்குகள், கடலுக்கடியில் இறங்கும் சுழியோடி தலையில் மாட்டும் பெரிய பித்தளைக் கவசம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிங்கக்கால் வைத்த இரும்புக் குளியல் தொட்டி ஒன்று. எந்தத் தளபதி அதில் குளித்தானோ தெரியாது. லிங்கநகர் வீட்டின் றோட்டுப் பக்க அறையில், யன்னலை மறைத்துக்கொண்டு அது நிமிர்ந்து நின்றது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன் இந்த அறைக்கு ஆபத்து வந்தது. கிளிவெட்டியில் கலியாணம் செய்துகொடுத்த ஒரே மகள் இரத்தினேஸ்வரி தலைப்பிள்ளைக்காகத் தாய்வீடு வரவேண்டும். எட்டாம் மாதத்தில் பயணம் வைக்கமாட்டார்கள். ஏழு முடிவது சனிக்கிழமை. மகள் கடைத் தொலைபேசியில் தாயோடு கதைத்தபோது தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, எனக்குப் படுக்க இடம் இருந்தால் வாறன். அப்பாவின்ரை கப்பலுக்கை படுக்க என்னாலை ஏலாது. இடமில்லையெண்டால் மாமி இஞ்சையே பிள்ளையைப் பெறச் சொல்லுறா."

தாய் வள்ளிநாயகி அம்மாவுக்கு இரண்டு பக்கக் கவலை. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாமல் சம்பந்தி வீட்டில் பெற்றால் ஊர் என்ன கதைக்கும் என்பது ஒரு பக்கம். ஆசுப்பத்திரி இங்கே பக்கத்தில் இருக்க, மகள் கடலுக்கு அந்தப் பக்கம் கிடந்து நோவு படுவதா என்பது மறுபக்கம்.

"இஞ்சாருங்கோ, புத்தாண்டுச் சந்தை புதன், வியாழன், வெள்ளி மூண்டு நாளும் கடற்கரையிலை நடக்குது. உங்கடை சாமான் முழுக்க அங்கை போகவேணும். சனிக்கிழமை என்ரை பிள்ளை அந்த அறையிலை படுக்கவேணும்" என்றா.

இராசநாயகத்தார் ஓம் என்று ஒத்துக்கொண்டார். மகள் என்றால் அவருக்கு உயிர். அதிலே யாரும் குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை காலை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாமான் ஏறியது. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். சண்டை நின்றிருந்தது, முடிந்ததென்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சோதனைச் சாவடியில் இருந்த சிப்பாய் சுழியோடிக் கவசத்தைத் தட்டிப் பார்த்தான், தூக்கிப் பார்த்தான், கடைசியில் ஆசை தாங்காமல் தலையில் மாட்டியும் பார்த்தான். மற்றச் சிப்பாய்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கடிதமும் கேட்காமல் லேண்ட்மாஸ்டரைப் போகவிட்டார்கள்.

சந்தையில் பாய்க்கடை, சட்டிபானைக் கடை, தொதல் இனிப்புக் கடை எல்லாவற்றுக்கும் நடுவில் இவருடைய கடைக்குத்தான் கூட்டம். சமாதானக் காலத்தில் கடல் பார்க்க வந்த கொழும்புக்காரர், வெள்ளைக்காரர், ஊர்ச்சனம் என்று மொய்த்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு கனவான் கவசத்துக்கு நல்ல விலை சொன்னார். இராசநாயகத்தார் வாயைத் திறந்தார்.

"என்ன தேவைக்கு?"

"வரவேற்பறையில வைக்க."

"வைச்சு?"

"பார்க்கத்தான்."

"பார்க்கிறதுக்குப் படம் இருக்கு, ஐயா. இது கடலுக்கடியிலை மூச்சு விடுறதுக்குச் செய்தது. நீங்கள் சுழியோடுவீங்களோ?"

கனவான் தன் தொந்தியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், போய்விட்டார்.

அடுத்து ஒரு வெள்ளைக்காரர், மொழிபெயர்க்க ஓர் ஆளோடு வந்தார். விளக்குச் சோடியில் சிவப்பு மட்டும் போதுமாம், பச்சை அவர் வீட்டுச் சுவருக்குப் பொருந்தாதாம். "சோடியைப் பிரிக்க ஏலாது. ஒத்தை விளக்கோடை ஓடினால் எதிரிலை வாற கப்பல் என்னெண்டு நினைக்கும்?" என்று இவர் கேட்க, அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் அந்த ஆள் முழித்தான். பொன்விளிம்பு போட்ட பீங்கான் பாத்திரத்தைச் சூப் பரிமாற எடுத்த அம்மாவிடம், அது கப்பல் அதிகாரியின் கட்டிலுக்குக் கீழே என்ன வேலைக்கு இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த அம்மா பாத்திரத்தை வைத்த வேகத்தில் அது உடையாமல் தப்பியதே பெரிய காரியம். பின்னேரம் கொண்டுபோன சாமான் கொண்டுபோனபடி திரும்பி வந்தது.

வியாழக்கிழமை வள்ளிநாயகி அம்மா தானே கூடவந்து கதிரை போட்டுக் குந்திக்கொண்டா. அன்றைக்குத்தான் முதல் வியாபாரம் நடந்தது. சல்லிக் கிராமத்திலிருந்து யோகராசா என்ற மீனவன் வந்து திசைகாட்டியைக் கையிலெடுத்தான்.

"என்ன தேவைக்கு, தம்பி?"

"ஐயா, இப்பதான் தூரக் கடலுக்குப் போக விட்டிருக்கினம். இவ்வளவு வருசமும் கரையைப் பாத்துப் பாத்துத் தொழில் செய்தனாங்கள். கரை மறைஞ்சால் எனக்குப் பயமாக் கிடக்கு."

இராசநாயகத்தாரின் முகம் மலர்ந்ததை அவர் மனைவி கலியாணத்தன்று பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் பார்த்தா. அவன் கொடுத்ததை எண்ணாமலே வாங்கி மடியில் போட்டார். நங்கூரத்துக்கும் எஞ்சினுக்கும் கிட்ட வைக்காதே, இரும்பு பக்கத்தில் இருந்தால் முள்ளு பொய் சொல்லும் என்று அரைமணித்தியாலம் வகுப்பு எடுத்துத்தான் அவனை விட்டார். மனிசன் உலோபி இல்லை. சாமான் சரியான கைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். வள்ளிநாயகி அம்மாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கை மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது. தோப்பூரிலிருந்து வந்து தொதல் கடை போட்டிருந்த நஜ்முன் நிஸா வியாபாரம் ஓய்ந்த நேரம் பார்த்து இந்தப் பக்கம் வந்தா. கலியாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவ, பெரிய கை.

"அண்ணன், உங்களுட்ட பெரிய ஏனம் ஒண்டும் இல்லியா? அம்பது கிலோ அரிசி ஒரேயடியா ஊறப்போடணும், களையணும். அண்டாவில போட்டு மாத்தி மாத்தி என்ட இடுப்பும் நாரியும் முறியுது. இரும்போ பித்தளையோ, பெரிசா இருந்தாச் சரி."

இதைவிடச் சரியான தேவை உலகத்தில் உண்டா? தளபதியின் தொட்டி அதற்கென்றே செய்தது போல இருக்கும். அடியில் தண்ணீர் போகத் துவாரம்கூட இருக்கிறது. வள்ளிநாயகி அம்மா வாயைத் திறக்கமுன் இராசநாயகத்தார் சொன்னார்.

"அப்பிடி ஒண்டும் இல்லை, தங்கச்சி."

முப்பத்திரண்டு வருடம் களஞ்சியத்தில், இருப்பதை இல்லை என்று ஒருநாளும் சொல்லாத மனிசன். வள்ளிநாயகி அம்மா திடுக்கிட்டுப்போனா. ஆனாலும் சனத்துக்கு முன்னால் புருசனைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, அறை வாசலில் நின்று கேட்டா.

"ரெண்டு நாளாச் சாமான் ஏத்திறீங்கள். இந்தத் தொட்டியையும் வட்ட யன்னல்களையும் அசைக்கவே இல்லை. இண்டைக்குப் பொய்யும் சொல்லிப்போட்டீங்கள். உங்கடை கேள்வியையே நான் கேக்கிறன். இது உங்களுக்கு என்ன தேவைக்கு?"

இராசநாயகத்தார் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தொட்டியை ஒரு பக்கமாகச் சரித்தார். அதன் வெளிப்புறத்தில், யன்னலைப் பார்த்த பக்கத்தில், பெருவிரல் வைக்கும் அளவுக்கு ஒரு நெளிவு இருந்தது.

"தொண்ணூறாம் ஆண்டு றோட்டிலை வெடி கேட்ட நேரம் இதைக் கொண்டந்து யன்னலுக்கு முண்டு குடுத்தனான். பிள்ளை இதுக்குக் கீழைதான் பாய் போட்டுப் படுத்தவள். மூண்டாம் நாள் ஒரு துப்பாக்கி ரவை யன்னலாலை வந்து இதிலை பட்டது. நீர் குசினியிலை நிண்டனீர். பிள்ளை நித்திரை. ஏதோ சாமான் விழுந்ததெண்டு உமக்குச் சொன்னனான். அதுக்குப் பிறகு இரும்பு, பித்தளை எண்டு எது கண்டாலும் வாங்கிக் கொண்டந்து அடுக்கினனான்."

வள்ளிநாயகி அம்மா நெடுநேரம் அந்த நெளிவைத் தடவிக்கொண்டு நின்றா. பதின்மூன்று வருடமாகப் பழைய இரும்புப் பைத்தியம் என்று எத்தனை பேச்சுப் பேசியிருப்பா! மனிசன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையே என்று நினைக்க அவவுக்கு அழுகை வந்தது. அழுதா. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னா.

"அண்டைக்குப் பிள்ளையைக் காப்பாத்தினீங்கள். இண்டைக்கு அவளுக்குக் காத்து வேணும், வெளிச்சம் வேணும். சண்டை திரும்ப வருமோ வராதோ எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வந்தால் வந்த நேரம் பாப்பம். வராததுக்காக என்ரை பிள்ளை வேர்வைக்குள்ளை கிடந்து பெறவேணுமோ?"

இராசநாயகத்தார் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அதையே குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை சந்தை கூடமுன்பே தொதல் கடைக்குப் போய் நின்றார்.

"தங்கச்சி, நேத்து நான் சொன்னது பொய். பெரிய ஏனம் ஒண்டு வீட்டிலை இருக்கு. வெள்ளைக்காரன் குளிச்சது. ஒரு பக்கம் ரவை பட்டு நெளிஞ்சும் இருக்கு. மறைக்கேலாது, அதுதான் சொல்லுறன்."

நஜ்முன் நிஸா தொதலை வெட்டிக்கொண்டே கேட்டா. "ஓட்டை விழுந்திருக்கா?"

"இல்லை."

"அப்ப என்ன, அண்ணன்? வெள்ளைக்காரன் குளிச்ச ஊத்தைய நான் புளி போட்டுக் கழுவிடுவேன். ரவை பட்டும் ஓட்டை விழாத ஏனம் எனக்கு வேற எங்க கிடைக்கும்?"

நஜ்முன் நிஸாவின் மருமகனுடைய லொறியில் தொட்டி ஏறிப் போனது. ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இராசநாயகத்தார் கடையில் குந்திய விதமே வேறு. பள்ளிக்கூடத்துக்கு மணி போனது. விளக்குச் சோடியை ஒரு படகுக்காரர் கொண்டுபோனார். அன்றைக்குத்தான் கொண்டுவந்த வட்ட யன்னல்களைப் புது வீடு கட்டுகிற ஒருவர் குளியலறைக்கு எடுத்தார். கடைசியாகக் கொழும்புக் கனவான் இரண்டாம் முறை வந்து, தூரத்தில் நின்றே பயந்து பயந்து கவசத்தைப் பார்த்தார்.

"கொண்டுபோங்கோ. பாக்கிறதும் ஒரு தேவைதான்" என்றார் இராசநாயகத்தார். வள்ளிநாயகி அம்மா தன் காதையே நம்பவில்லை. பீங்கான் பாத்திரத்தை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. அதைக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்து, கற்பூரவள்ளி நட்டாயிற்று.

சனிக்கிழமை மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் மகளும் மருமகனும் வந்து இறங்கினார்கள். அறை கழுவி, மஞ்சள் தெளித்து, கட்டில் போட்டிருந்தது. துருப்பிடித்த யன்னல் கொண்டிக்குக் காலையில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் முடிந்திருந்தது. இரத்தினேஸ்வரி வாசலில் நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ரை அம்மாளாச்சி! இந்த அறைக்கை காத்தும் வருமோ?"

தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கையை வைத்தபடி, கிளிவெட்டி வயல் கதையும் மாமியின் கதையும் சொல்லத் தொடங்கினாள். மருமகன் குசினியில் வள்ளிநாயகி அம்மாவிடம் இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் றோட்டில் படபடவென்று வெடித்தது. புத்தாண்டுச் சீனவெடி. யாரோ பொறுக்கமுடியாமல் முன்கூட்டியே கொளுத்திவிட்டார்கள். இராசநாயகத்தார் விழுந்தடித்து அறைக்குள் ஓடிவந்தார். கண் நாலு சுவரையும் தேடியது. முண்டு கொடுக்க ஒரு சாமானும் இல்லை. ஒரு கதிரைதான் கிடந்தது. அதை இழுத்து யன்னலுக்கு நேரே போட்டு, றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அகலமாக நிமிர்ந்து இருந்தார்.

"சீனவெடி, அப்பா" என்றாள் மகள்.

"ஓம் பிள்ளை, தெரியும்."

அடுத்த கட்டும் வெடித்து ஓய்ந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. இராசநாயகத்தார் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அப்பா, காத்தை மறைக்கிறீங்கள். கொஞ்சம் தள்ளி இருங்கோவன்."

அவர் கதிரையைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.